உலைச்சூடும் புதர்த்தீயும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் உலைகளும் கம்பி உருட்டும் ஆலைகளும் இரவு பகலாக ஓடுகின்றன. அங்கிருந்து மேற்கே மாதர்பாக்கம், ஊத்துக்கோட்டைப் பக்கம் போனால் செம்மண் மேட்டில் காப்புக்காடுகள் வருகின்றன. காடு என்றதும் நெடிய மரங்களை எதிர்பார்ப்பவருக்கு அவை ஏமாற்றம் தரும். களா, காரை, சூரை, விராலி, சிற்றீச்சை என்று ஆள் உயரத்துக்கும் அதற்குச் சற்று மேலேயும் மண்டிக் கிடக்கும் புதர்க்காடுகள் அவை. மாசி தொடங்கி வைகாசி வரை அவற்றில் எங்காவது தீ ஓடும். பிற்பகல் ஒன்றரை மணிவாக்கில் 800 கிலோமீட்டருக்கு மேலான உயரத்தில் கடந்துபோகும் செயற்கைக்கோளுக்கு இந்த இரண்டில் எது கண்ணில் படும்? உலைதான் படும் என்று பந்தயம் கட்டலாம். ஆறு ஏக்கர் புதர் காலையில் பற்றிப் பத்து மணிக்கெல்லாம் அணைந்துவிட்டால், அன்றைய தீப்பட்டியலில் அதற்கு இடமில்லை. உலையோ அணைவதே இல்லை.

எரியாத காட்டில் தீ என்றும், எரிந்த காட்டில் தீ இல்லை என்றும் பதிவாகக்கூடிய இடம் திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடி. புதர்க்காடு எவ்வளவு எரிந்தது என்று அறிய, வானிலிருந்து தெரியும் சூட்டுப்புள்ளிகளை எண்ணிக்கொண்டிருப்பதில் பயனில்லை என்பது என் வாதம். தீ விட்டுச்சென்ற தழும்பை அளக்க வேண்டும். அதையும் உலகத்துக்கெல்லாம் பொதுவான அளவுகோலால் அளக்காமல் இந்த மண்ணுக்கென்று செய்த அளவுகோலால் அளக்க வேண்டும்.

இது கும்மிடிப்பூண்டிக்கு மட்டும் உள்ள சிக்கல் அன்று. நாடுவாரியாக, நிலவகைவாரியாக ஆண்டுதோறும் எரிந்த பரப்பைத் தொகுத்துத் தரும் உலகளாவிய தரவுத்தளங்கள் இப்போது உண்டு. காடு, புதர்நிலம், புல்வெளி, பயிர்நிலம் என்று தனித்தனியே எண்கள் கிடைக்கும். அந்த எண்கள் தடுமாறும் இடம் சிறிய நாடுகள். ஐ.நா. பட்டியலிடும் வளரும் சிறு தீவு நாடுகள் 39. அவற்றுள் மொரீஷியஸின் பரப்பு சுமார் 2,040 சதுர கிலோமீட்டர். சமோவா 2,800 சொச்சம். திருவள்ளூர் மாவட்டமோ சுமார் 3,400. ஆக, நம் மாவட்டத்தின் புதர்த்தீயைத் தேடுவதும் ஒரு தீவு நாட்டின் புதர்த்தீயைத் தேடுவதும் அளவில் ஒரே வேலைதான். இரண்டிலும் நிலம் சிறு சிறு துண்டுகளாகக் கிடக்கிறது. வயலும் ஊரும் தோப்பும் புதரும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்திருக்கின்றன. ஃபிஜியின் பெரிய தீவுகளில் மழை குறைந்த மேற்குப் பக்கச் சரிவுகள் புல்லும் பெரணியுமாக அடிக்கடி எரிபவை. அவற்றை ஒட்டியே கரும்பு வயல்களிலும் தீ வைக்கிறார்கள். எது காட்டுத்தீ, எது கரும்புத்தீ என்று வானிலிருந்து பிரிப்பது அங்கேயும் தலைவலிதான்.

இந்தத் தரவுத்தளங்களுக்குப் பெரும்பாலும் அடிப்படையாக இருப்பது நாசாவின் டெர்ரா, அக்வா கோள்களில் உள்ள மோடிஸ் கருவி. அதன் எரிபரப்புத் தொகுப்பில் ஒரு பிக்சலின் பக்கம் ஏறத்தாழ 463 மீட்டர். கணக்குப் போட்டால் ஒரு பிக்சல் 53 ஏக்கர். நவூரு தீவு முழுவதும் இப்படிப்பட்ட நூறு பிக்சலுக்குள் அடங்கிவிடும். பத்து ஏக்கர் புதர் எரிந்தால் ஒரு பிக்சலில் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே கறுக்கும். மீதி நான்கு பங்கின் பச்சையும் செம்மண்ணும் அதை விழுங்கிவிடும். பட்டியலில் சுழியம் விழும். நம் புதர்க்காட்டில் பத்து ஏக்கர் என்பது சின்னத் தீயன்று.

இப்படி விடுபடுவது எவ்வளவு என்பதற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு நல்ல சான்று உண்டு. சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவை 2016ஆம் ஆண்டுக்கு ஐரோப்பாவின் சென்டினல்-2 கோளின் நுண்படங்களைக் கொண்டு மறுபடி அளந்தார்கள். மோடிஸ் கணக்கில் சுமார் 27 லட்சம் சதுர கிலோமீட்டராக இருந்த எரிபரப்பு, புதிய கணக்கில் 49 லட்சமானது. ஏறக்குறைய 80 விழுக்காடு கூடுதல். பெரும் புல்வெளிகள் மைல் கணக்கில் எரியும் கண்டத்திலேயே இவ்வளவு விடுபடுகிறது என்றால், ஏரிக்கரைக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே நாலைந்து ஏக்கராக எரியும் ஊரில் என்ன விடுபடும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

பிக்சல் ஒரு தடை என்றால் வகைப்பாடு இன்னொன்று. மோடிஸ் நிலவகைப் படத்தில் புதர்நிலம் என்று பெயர் வாங்க, செடிகள் இரண்டு மீட்டர் உயரத்துக்குள் இருக்க வேண்டும். மூன்று மீட்டர் வளர்ந்த காரையும் இடையிடையே ஓர் உலக்கைப்பாலை மரமும் நிற்கும் காடு வேறு பெட்டிக்குப் போய்விடும். சுற்றிலும் வயல் இருந்தால் பயிர்நிலக் கலவையாகிவிடும். நம் நாட்டுக் கணக்கும் சளைத்ததன்று. வனவியலாளர்கள் சாம்பியனும் சேத்தும் 1968இல் வகுத்த இந்தியக் காட்டு வகைகளில் உலர் பசுமைமாறாப் புதர்க்காட்டுக்கென்றே தனி எண் இருக்கிறது. ஆனால் இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் இரண்டாண்டு அறிக்கையில், விதான அடர்த்தி பத்து விழுக்காட்டுக்குக் குறைந்த வனநிலம் 'புதர்' என்று தனியே நிற்கும். காட்டுப் பரப்பில் சேராது. தரிசுநில வரைபடத் தொகுப்போ அடர்புதர் நிலம், திறந்த புதர் நிலம் இரண்டையும் தரிசின் வகைகளாகவே வைக்கிறது. ஒரே களாப்புதர் ஒரு ஏட்டில் காட்டு வகை, இன்னொன்றில் காட்டுக்குக் கீழே, மூன்றாவதில் தரிசு. ஆக, எந்த ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு 'எரிந்த புதர்நிலம்' என்று தேடுகிறோமோ அந்த ஏட்டுக்குத் தகுந்தபடி விடையும் மாறும்.

சூட்டுப்புள்ளிகளுக்கு வருவோம். தீ எரியும் சூட்டில் ஏறத்தாழ நான்கு மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் கதிர் கொட்டும். சாதாரணத் தரை பதினொரு மைக்ரோமீட்டரை ஒட்டித்தான் அதிகம் வீசும். இரண்டையும் ஒப்பிட்டுத்தான் கருவி தீயைக் காண்கிறது. இதில் அதன் கூர்மையைக் குறை சொல்ல முடியாது. மோடிஸின் ஒரு கிலோமீட்டர் பிக்சலுக்குள் சுமார் 1,000 சதுர மீட்டர், அதாவது 25 சென்ட் அளவுக்கு எரிந்துகொண்டிருந்தாலே அது வழக்கமாகக் கண்டுகொள்ளும். 2011இல் ஏவப்பட்ட கோளில் சென்ற விர்ஸ் கருவியின் பிக்சல் 375 மீட்டர், இன்னும் கூர்மை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. கோள் கடக்கும் அந்த நேரத்தில் எரிய வேண்டும். எரிவது செடியாகவும் இருக்க வேண்டும்.

எரிவது செடியா என்ற கேள்விக்குத் திருவள்ளூர் போலக் குழப்பமான மாவட்டம் குறைவு. கும்மிடிப்பூண்டி உலைகளைச் சொன்னேன். தெற்கே மாவட்ட எல்லையை ஒட்டி மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையங்கள். நடுவே மாவட்டமெங்கும் செங்கல் சூளைகள். நெல்லறுத்த வயலில் சில இடங்களில் தாளைக் கொளுத்துவதும் உண்டு. குப்பைமேடு எரிவதும் உண்டு. உருக்காலை, எண்ணெய்ச் சுடர் போன்றவை ஒரே இடத்தில் ஆண்டு முழுவதும் சுடுபவை. பலமுறை அதே இடத்தில் புள்ளி விழுந்தால் தள்ளிவிடலாம். விர்ஸ் தரவின் பழைய தொகுப்பில் அப்படி நிலையான சூட்டுமூலங்களுக்குத் தனிக் குறியீடே உண்டு. உடனுக்குடன் வரும் தரவில் அது கிடையாது. சூளைதான் மாட்டிக்கொள்ளாத ஆசாமி. மழைக்காலம் முடிந்து மண் காய்ந்தபின் தொடங்கி, அடுத்த மழை வரும்வரை எரிகிறது. புதர்த்தீயின் காலமும் அதேதான். பருவத்தை வைத்து இரண்டையும் பிரிக்க வழியில்லை.

இரவுப் புள்ளிகளை ஒரு துப்பாகக் கொள்ளலாம். இதே கருவிகள் நள்ளிரவு ஒன்றரைக்கும் ஒருமுறை கடக்கின்றன. நம் புதரில் தீ பெரும்பாலும் வெயிலேறியபின் ஓடி, மாலை ஈரக்காற்றில் படுத்துவிடும். கடற்கரை இருபது முப்பது கிலோமீட்டரில் இருக்கும் ஊரில் இது இன்னும் பொருந்தும். சூளையும் உலையும் இரவிலும் சுடும். எனவே ஓரிடத்தில் இரவுப் புள்ளிகளின் பங்கு அதிகமானால் அங்கே மனிதர் மூட்டிய அடுப்பு இருக்கிறது என்று ஐயப்படலாம். அதற்கு மேல் அதைச் சான்றாகக் கொள்ள மாட்டேன்.

இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதல் இந்தப் புள்ளிகளை வாங்கி, வன எல்லையோடு பொருத்தி, மாநில வனத்துறைகளுக்குத் தெரிவித்து வருகிறது. இப்போது பீட் அளவுக்கு, அதாவது ஒரு வனக்காவலரின் பொறுப்புப் பகுதி அளவுக்கு, குறுஞ்செய்தியாகவே போகிறது. தீயை அணைக்க இது நல்ல ஏற்பாடு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் சிக்கி இறந்த பின் இதன் அருமை எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் அணைப்பதற்கான எச்சரிக்கையை எரிந்த பரப்பின் கணக்காகப் படிப்பது தவறு. வன எல்லைக்கு வெளியே உள்ள மேய்க்கால், புறம்போக்கு, ஏரிக்கரைப் புதர்கள் இந்த வலையில் விழுவதில்லை. எல்லையை ஒட்டி நிற்கும் ஆலையின் புள்ளி, பிக்சல் நகர்வால் காட்டுக்குள் விழவும் கூடும். இன்னொன்று: ஒரு விர்ஸ் புள்ளியைக் கண்டதும் '35 ஏக்கர் எரிந்தது' என்று பெருக்கிச் சொல்லிவிடுகிறார்கள். பிக்சலின் பரப்பு 35 ஏக்கர். எரிந்தது இரண்டு ஏக்கராக இருக்கலாம்.

ஆகவேதான் தழும்பு. உயிருள்ள இலை அண்மை அகச்சிவப்பு ஒளியை நிறையத் திருப்பியனுப்பும். இலையிலுள்ள நீர் குற்றலை அகச்சிவப்பை உறிஞ்சிக்கொள்ளும். எரிந்தபின் முதலாவது சரியும், இரண்டாவது ஏறும். இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது எரிவுக் குறியெண். தீக்கு முந்தைய எண்ணிலிருந்து பிந்தையதைக் கழித்தால் தழும்பு துலங்கும். சென்டினல்-2 கோள்கள் இதற்குத் தேவையான அலைவரிசைகளை 20 மீட்டர் பிக்சலில், ஐந்து நாளுக்கு ஒருமுறை தருகின்றன. ஒரு பிக்சல் சுமார் பத்து சென்ட். மோடிஸ் தொலைத்துவிட்ட அந்தப் பத்து ஏக்கர் தீ இங்கே நூறு பிக்சல்.

எவ்வளவு விழுந்தால் தீ என்று கொள்வது என்பதற்கான வரம்பெண்களை ஆய்வாளர்கள் கார்ல் கீயும் நேட் பென்சனும் அமெரிக்க மேற்கு மலைகளின் ஊசியிலைக் காடுகளில் உருவாக்கினார்கள். நல்ல பச்சையாக இருந்த காடு கரியாகும்போது குறியெண் பெரிதாக விழும். நம் புதர்க்காட்டிலோ சித்திரையில் புல் முன்பே காய்ந்து, பாதி இலை உதிர்ந்து, செம்மண் தெரிய ஆரம்பித்திருக்கும்; குறியெண் ஏற்கெனவே தாழ்ந்துதான் நிற்கும். அது எரிந்தாலும் மேலும் விழ இடம் கொஞ்சம்தான். அமெரிக்க வரம்பை அப்படியே போட்டால் உண்மையான தழும்புகள் 'எரியவில்லை' என்று போய்விடும். வரம்பைத் தாழ்த்தினால் இலையுதிர்வெல்லாம் தீயாகிவிடும். சென்ற ஆண்டு இதே நாளின் படத்தோடு ஒப்பிடாமல், ஐந்து பத்து நாள் முந்தைய படத்தோடு ஒப்பிடுவதே இங்கே ஓரளவு பலன் தரும். இலை மெல்ல உதிர்கிறது. தீ ஒரே நாளில் மாற்றுகிறது.

அதைவிடப் பெரிய ஏமாற்று ஏரிகளில் இருக்கிறது. பூண்டி, சோழவரம், செங்குன்றம் என்ற பெரிய நீர்த்தேக்கங்கள் போக, ஊருக்கு ஊர் ஏரி உள்ள மாவட்டம் இது. நீர் இரண்டு அகச்சிவப்பையுமே உறிஞ்சினாலும் குற்றலையைத்தான் அதிகம் உறிஞ்சும். அதனால் நீர்ப்பரப்பின் எரிவுக் குறியெண் உயர்ந்து நிற்கும். பங்குனி, சித்திரையில் ஏரி வற்றித் தரை தெரிந்தால் குறியெண் தடாலென்று விழும். கணினிக்கு அது அப்பட்டமான தீத்தழும்பு. தீவு நாட்டுக்கென்று எழுதிய நிரல் இந்தப் பொறியை எதிர்பார்த்திருக்காது. மருந்து எளிது: வடகிழக்குப் பருவமழை முடிந்த டிசம்பர், ஜனவரிப் படத்தில் நீராகத் தெரிந்த இடம் எதுவோ, அதையெல்லாம் தேடலிலிருந்து நீக்கிவிட வேண்டும். வற்றிய ஏரிக்குள் சீமைக் கருவேலம் எரிந்தால் அதுவும் சேர்ந்து கழிந்துபோகும். அந்த இழப்பை ஏற்றுக்கொள்ளலாம்.

அடுத்து உழவு, சவுடு எடுத்த குழி, தைலமரத் தோப்பை வெட்டிய இடம். மூன்றிலும் பச்சை போய்க் குறியெண் விழும். ஆனால் வெட்டிய இடத்தில் செம்மண் வெளிப்பட்டுக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பொளியில் பிரகாசம் கூடும். எரிந்த இடம் கரியால் எல்லா ஒளியிலும் மங்கும். இந்த வேறுபாட்டைப் பிடிக்க நாள் பிந்தக்கூடாது. ஒரு கோடைமழை போதும், சாம்பல் கரைந்துவிடும். காற்று இன்னும் முந்திக்கொள்ளும். வேர்க்கட்டை சாகாத புதர்கள் சில வாரத்தில் துளிர்க்கும். தழும்புக்கு ஆயுள் குறைவு என்பதால் மாதம் ஒரு படம் பார்த்துத் தேடுவது வீண்.

வெட்டியதும் எரிந்ததும் குழம்பக்கூடாது என்பதற்குக் காரணம் கணக்குச் சுத்தம் மட்டுமன்று. கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய் கண்டிகையில் 1,100 ஏக்கருக்கு மேல் மேய்க்கால் புதர்க்காடு சிப்காட் தொழிற்பூங்காவுக்குப் போனது. ஆடு மாடு மேய்த்தும் விறகு பொறுக்கியும் அதை நம்பியிருந்த ஊர்மக்கள் எதிர்த்தார்கள். 2009 நவம்பரில் மிஷ்லின் டயர் நிறுவனம் அங்கே ஆலை அமைக்கத் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது. 2012இல் விவகாரம் பிரான்ஸ் வரை போய், பன்னாட்டு நிறுவனங்களின் நடத்தை பற்றிய புகார்களைக் கேட்கும் அமைப்பின் முன் நின்றது. பக்கத்திலேயே கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை ஏரிகளை இணைத்து, சென்னையின் குடிநீருக்காக அரை டி.எம்.சி. கொள்ளும் நீர்த்தேக்கம் 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. ஒரே வட்டாரத்தில் புதர் கட்டாந்தரையானது, கூரையானது, நீருமானது. எதிலும் தீக்கு வேலையில்லை. 'புதர்நிலம் குறைந்தது, தீப்புள்ளிகள் கூடின' என்று இரண்டு கோடுகளை ஒரு வரைபடத்தில் வரைந்து ஒன்றை மற்றொன்றுக்குக் காரணமாக்குவது இங்கே அபத்தமாகிவிடும். எதிர்ப்பக்கமும் உண்டு. அடிக்கடி எரிந்த புதர் சீர்கெட்ட நிலமாகத் தெரியும். சீர்கெட்டது என்று எழுதப்பட்ட நிலத்தை வேறு வேலைக்கு மாற்றுவது எளிது. எந்தத் துண்டு எத்தனை முறை எரிந்தது, எது எரியாமலே தழைத்திருந்தது என்ற பதிவு கையிலிருந்தால் அந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்கலாம்.

சோதனைக்கு ஒப்பீட்டுக்களம் தேவை என்றால் அது நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. பழவேற்காடு ஏரியை வங்கக் கடலிலிருந்து பிரித்து நிற்கும் ஸ்ரீஹரிகோட்டா, ஆந்திர எல்லைக்குள் உள்ள தீவு. 1971 அக்டோபரில் அங்கிருந்து முதல் ஆய்வு ராக்கெட் புறப்பட்டது. ஏவுதளத்தின் பாதுகாப்பு வேலிக்குள் இருப்பதால் கிழக்குக் கடற்கரையில் எஞ்சிய உலர் பசுமைமாறாக் காட்டின் பெரிய துண்டுகளில் ஒன்று அங்கே பிழைத்திருக்கிறது. கும்மிடிப்பூண்டிக் காட்டின் உறவுச் செடிகளே அங்கும். மழையும் கிட்டத்தட்ட அதே மழை. உருக்காலையோ செங்கல் சூளையோ கிடையாது. ராக்கெட் கிளம்பும் சில நொடிகள் போக, அங்கே விழும் சூட்டுப்புள்ளி பெரும்பாலும் செடி எரிவதாகத்தான் இருக்கும். இலையுதிர்வால் குறியெண் எவ்வளவு விழுகிறது, தீயால் எவ்வளவு விழுகிறது என்பதை முதலில் அந்தத் தீவில் அளந்துகொண்டு, அந்த வரம்பைக் கும்மிடிப்பூண்டிக்குக் கொண்டுவருவதே முறை என்று நினைக்கிறேன். சின்னத் தீவுகளை எப்படி அளப்பது என்று உலகம் தேடும்போது, நமக்கு அளவுகோலையே ஒரு தீவிலிருந்து எடுக்கும் வாய்ப்பு இருக்கிறது.

அந்தத் தீவிலிருந்து ஏவிய கோள்களும் கைகொடுக்கும். 2011இல் ரிசோர்ஸ்சாட்-2, 2016இல் 2ஏ. இவற்றின் லிஸ்-3 கருவி 23.5 மீட்டர் பிக்சலில் குற்றலை அகச்சிவப்பையும் பதிகிறது. அதன் குற்றலை வரிசை எரிவுக் குறியெண்ணுக்குப் பயன்படும் சென்டினல் வரிசையிலிருந்து விலகியது என்பதால் எண்களை நேராகக் கலக்கக்கூடாது; விட்டுப்போன தேதியை நிரப்ப உதவும். 2025 ஜூலை 30 அன்று அங்கிருந்தே கிளம்பிய நிசார் ராடார் கோள் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்பும். மேகம் அதற்குத் தடையில்லை. புல் மட்டும் எரிந்ததா, தண்டோடு புதர் போனதா என்று பிரிக்க அதன் நீண்ட அலைகள் உதவக்கூடும். புதர்க்காட்டுக்கு இதுதான் முக்கியமான கேள்வி. புல் எரிந்தால் அடுத்த ஐப்பசியில் மறுபடி வரும். காசா, வீரை போன்ற புதர்மரங்கள் எரிந்தால் பல ஆண்டு ஆகும்.

யார், எதற்காகத் தீ வைத்தார் என்பதை எந்தக் கோளும் சொல்லாது. 1882ஆம் ஆண்டின் வனச் சட்டப்படி காப்புக்காட்டில் தீ வைப்பது குற்றம். மேய்ச்சலுக்குப் புதுப்புல் வர வைத்தார்களா, பீடித்துண்டா, சாலையோரக் குப்பையா என்று கேட்டால், குற்றம் என்றிருக்கும்போது யார் வாய் திறப்பார்? தன் பீட்டில் தீ என்று எழுதினால் விளக்கமும் தானே எழுத வேண்டியிருக்கும் காவலருக்கும் சின்னத் தீயை விட்டுவிடத் தோன்றுவது இயல்பு. இந்தக் காடுகளைக் காலடியால் அறிந்தவர்கள் இருளர்கள். எந்த மேட்டில் எந்த மாதம் எரிந்தது, கிழங்கு எங்கே மறுபடி வந்தது என்பது அவர்களுக்கு நினைவிருக்கும். அதைக் குற்றப் பதிவாக்காமல் தழும்புப் பதிவாகக் கேட்க வேண்டும். படத்தில் எரிந்ததாகத் தெரியும் துண்டுகளுக்கு மட்டும் போய் 'ஆமாம், எரிந்திருக்கிறது' என்று தலையாட்டி வருவதும் போதாது. எரியவில்லை என்று படம் சொல்லும் துண்டுகளிலும் சிலவற்றைக் குலுக்கி எடுத்து நடந்து பார்க்க வேண்டும். விடுபட்ட தீ அங்கேதான் அகப்படும்.

இதற்குப் புதிய கோள் எதற்கும் காத்திருக்கத் தேவையில்லை. லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் இலவசம். அதன் முப்பது மீட்டர் பெட்டகம் 1980களின் பிற்பகுதி வரை, தேர்வாய் கண்டிகைக் காடு முழுசாக நின்ற காலம் வரை பின்னோக்கிப் போகிறது. சென்டினல் படங்கள் 2015இன் கடைசியிலிருந்து உண்டு. பிப்ரவரி முதல் ஜூன் வரையான படங்களை ஐந்து நாளுக்கு ஒன்றாக அடுக்கி, ஏரிகளைக் கழித்து, உலை சூளைகளைக் குறித்துவைத்து, ஸ்ரீஹரிகோட்டா வரம்பைப் பொருத்தினால் முதல் வரைபடம் ஒரு கோடைக்குள் வந்துவிடும். செலவு என்று பார்த்தால் ஒரு மடிக்கணினி, ஒரு ஜிபிஎஸ் கருவி, காடு தெரிந்த நாலு பேருக்கு ஐந்து மாதச் சம்பளம்.